"உன்ர பேரில எடுக்காத": சிம் அட்டையும் யாழ்ப்பாணமும்

போன நல்லூர்த் திருவிழா நேரம், கொடியேறி நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, எங்களில் ஒருத்தியின் வீட்டுக்கு ரொறன்ரோவில் இருந்து மச்சாள் வந்தாள். கட்டுநாயக்காவில் வானைப் பிடிக்கிற அவசரத்தில் சிம் விற்கிற கவுண்டர் பக்கமே போகவில்லையாம். ரோமிங்கைப் போட்டால் கனடாக் கொம்பனி ஒரு நாளுக்கு எடுக்கிற காசில் இங்கே ஒரு மாதம் டேற்றா பாவிக்கலாம். "எனக்கு ஒரு சிம் எடுத்துத் தாறியா? டேற்றா மட்டும் காணும்." சின்ன விசயம்தானே, சந்தியில் கடை இருக்கிறது. ஐசியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டவளை அம்மா குசினிக்குள் நின்றே மறித்தா.

"உன்ர பேரில எடுக்காத."

"ஏனம்மா?"

"எடுக்காத எண்டா எடுக்காத. அவளின்ர பாஸ்போட்டில எடுக்கச் சொல்லு."

அடுத்த கிழமை நாங்கள் கூடியபோது இதைப் பகிடியாகத்தான் கதைக்கத் தொடங்கினோம். ஆனால் இருந்த ஏழு பேரில் ஐந்து பேரின் வீட்டிலும் இந்த வசனம் ஏதோவொரு வடிவத்தில் இருந்தது. "ஆருக்கும் சிம் எடுத்துக் குடுக்காத." "கீழ கிடக்கிற சிம்மைத் தொடாத." "பழைய சிம்மை எறியாத, வெட்டிப்போட்டு எறி." எங்களுக்கு இது விளங்கவில்லை. நாங்கள் போன் பிடிக்கத் தெரிந்த வயதுக்கு வரும்போது போர் முடிந்துவிட்டது. அதனால் வீட்டுப் பெரியாக்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டோம். கேட்டதையும் வாசித்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் உலகத்துக் கதை. சிம் அட்டை பிறந்தது 1991இல், ஜேர்மனியின் மியூனிக் நகரில். கீசெக்க அண்ட் டெவ்ரியன்ற் என்கிற நிறுவனம் செய்த முதல் 300 அட்டைகளைப் பின்லாந்தின் ரேடியோலின்யா வாங்கியது. முதலே காசைக் கட்டிவிட்டுப் பிறகு கதைக்கிற சிம்மை 1995இல் போர்த்துக்கலில் அறிமுகப்படுத்தினார்கள். இலங்கை இந்த விசயத்தில் பின்தங்கிய நாடு அல்ல. 1989இலேயே செல்டெல் கொழும்பில் சேவையைத் தொடங்கிவிட்டது, தெற்காசியாவின் முதல் கைத்தொலைபேசி வலையமைப்பு அதுதான். 1993இல் மொபிடெல் வந்தது. 1995இல் டயலொக், டிஜிற்றல் வலையமைப்போடு.

இந்த ஆண்டுகளை யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1989இல் இங்கே இந்திய இராணுவம் நின்றது. 1990 யூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்க, குடாநாட்டில் மின்சாரமும் தொலைபேசியும் போயின. மின்கலமும் எரிபொருளும் தடைசெய்த பொருட்கள். சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் ரேடியோ கேட்ட கதையை இங்கே சொல்லாத வீடு இல்லை. டயலொக் தொடங்கிய அதே 1995ஆம் ஆண்டு, ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனம் முழுக்கச் செம்மணி வெளியைக் கடந்து நடந்துகொண்டிருந்தது. எங்களில் ஒருவனின் அப்பாவிடம், அந்த நாளில் வெளிநாட்டில் இருந்த அண்ணனோடு எப்படிக் கதைத்தீர்கள் எண்டு கேட்டோம். "கதைக்கிறதோ?" எண்டு சிரித்தார். கடிதம்தான். கிளாலிக் கடலைக் கடந்து கொழும்புக்குப் போகிற யாராவது கொண்டுபோய்ப் போடவேணும். பதில் வர இரண்டு மாதமும் ஆகும், வராமலும் விடும். குரலைக் கேட்கவேண்டுமெண்டால் நீங்களே கொழும்புக்குப் போய், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு லொட்ஜில் தங்கி, கோல் வரும்வரை இருக்கவேணும்.

தொண்ணூறுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலும் கொமினிகேசன் கடைகள் வந்தன. இந்தச் சொல்லை இண்டைக்கு ஒருத்தரும் பாவிப்பதில்லை, பாவிக்கவேண்டிய தேவையும் இல்லை. ஆனால் எங்கட அம்மாமாருக்கு அது ஒரு இடம். பலகை அடித்த சின்ன அறை, கண்ணாடிக் கதவு, சுவரில் நிமிடத்துக்கு எவ்வளவு எண்டு எழுதின மட்டை. வெளிநாட்டில் இருந்து கோல் கடைக்கு வரும். கடைப்பெடியன் சைக்கிளில் வந்து "பின்னேரம் நாலு மணிக்கு உங்கட மகன் எடுப்பாராம்" எண்டு சொல்லிவிட்டுப் போவான். மூன்று மணிக்கே குளித்து, சீலை மாற்றிக்கொண்டு போய்க் குந்தியிருந்தார்களாம், முகம் தெரியாத போனுக்கு. வந்த கோலுக்கும் கடைக்குக் காசு கட்டவேணும். பின்னால் வாங்கில் பத்துப் பேர் இருக்கிறபடியால் ஒண்டும் மனம்விட்டுக் கதைக்க ஏலாது. "சுகமா இருக்கிறம், நீ சாப்பிட்டியா" எண்டதோடு முடியும்.

2002 எல்லாவற்றையும் மாற்றியது. பெப்ரவரி 22இல் யுத்தநிறுத்த ஒப்பந்தம், ஏப்ரலில் ஏ9 பாதை திறப்பு. இந்த இரண்டும் எல்லோருக்கும் ஞாபகம். மூன்றாவது ஒன்று நடந்ததைப் பெரிதாக யாரும் எழுதுவதில்லை. அதே ஆண்டு ஓகஸ்டில், சர்வதேசத் தொலைபேசி அழைப்பில் ஸ்ரீலங்கா ரெலிகொம் நிறுவனத்துக்கு இருந்த தனியுரிமை முடிந்தது. அடுத்த ஆண்டு பல நிறுவனங்களுக்கு உரிமம் கிடைக்க, வெளிநாட்டு அழைப்பின் விலை சடாரெண்டு விழுந்தது. பாதை திறந்ததும் விலை விழுந்ததும் ஒன்றாக நடந்தபடியால்தான் கைத்தொலைபேசி யாழ்ப்பாணத்துக்குள் அந்த வேகத்தில் வந்தது என்பது எங்கட எண்ணம். கோபுரங்கள் எழும்பின. சுரண்டுகிற ரீலோட் காட் பெட்டிக்கடைக்கு வந்தது. 077 எண்டு தொடங்கும் இலக்கம் கலியாணக் காட்டில் ஏறியது.

மற்ற முனையில் என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கதையில் எங்களை ஆகவும் ஆச்சரியப்படுத்திய பகுதி.

புலம்பெயர்ந்து போன ஒருத்தருக்கு பரிசிலோ லண்டனிலோ மாதக் கட்டணப் போன் எடுப்பது இலேசு இல்லை. அதற்கு வங்கிக் கணக்கு வேணும், நிரந்தர விலாசம் வேணும், கடன் ஒழுங்காகக் கட்டிய வரலாறு வேணும். அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருக்கிறவரிடம் இதில் ஒன்றும் இராது. அவருக்கு இருந்தது ரெலிபோன் காட். தமிழ்க் கடையில், கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் பக்கத்தில் தொங்கும். பின்பக்கத்தைச் சுரண்டினால் ஒரு நீள இலக்கம். முதலில் ஒரு உள்ளூர் இலக்கத்துக்கு அடித்து, அந்த நீள இலக்கத்தைக் குடுத்து, பிறகு ஊர் இலக்கத்தை அடிக்கவேணும். காட்டில் போட்டிருந்த நிமிடம் ஒன்று, உண்மையில் கதைக்கக் கிடைத்த நிமிடம் வேறொன்று. இணைப்புக் கட்டணம் எண்டு கொஞ்சம் போகும், பாவிக்காமல் வைத்திருந்தால் காலாவதியாகும். ஆனாலும் சனம் வாங்கியது. வேறு வழி?

இந்தத் தேவைக்குள் இருந்துதான் ஐரோப்பாவின் இரண்டு பெரிய முற்கட்டணச் சிம் வணிகங்கள் எழும்பின. லெபாரா 2001இல் தொடங்கியது. லியோன், பாஸ்கரன், ரதீசன் ஆகிய மூன்று இலங்கைத் தமிழர்களின் பெயர்த் தொடக்கங்களைச் சேர்த்தால் வருவதுதான் அந்தப் பெயர். லைக்காமொபைல் 2006இல் வந்தது. அதைத் தொடங்கிய சுபாஸ்கரன் அல்லிராஜா முல்லைத்தீவில் பிறந்தவர். எங்கட தலைமுறைக்கு லைக்கா எண்டால் 2014இல் வந்த 'கத்தி' படமும் அதற்குப் பிறகு வந்த படங்களும்தான் ஞாபகம் வரும். அந்த நிறுவனத்தைச் சுற்றிய அரசியல் சண்டையும் வரி வழக்குகளும் தனியாக எழுதவேண்டியவை, இங்கே அதற்குள் போகவில்லை. எங்களுக்கு இங்கே முக்கியம் அவர்கள் வணிகம் செய்த விதம். இந்த நிறுவனங்கள் சொந்தமாகக் கோபுரம் நடவில்லை. கோபுரம் வைத்திருக்கும் பெரிய கொம்பனிகளிடம் மொத்தமாக நிமிடம் வாங்கி, தங்கட பெயர் போட்ட சிம்மில் சில்லறையாக விற்றார்கள். சுரண்டுகிற காட்டில் இருந்த நீள இலக்கத்தை இல்லாமல் செய்து, சிம்மைப் போட்டதும் நேரே ஊருக்கு அடிக்கலாம் எண்டார்கள். ஒப்பந்தம் வேண்டாம், வங்கி வேண்டாம். லண்டனில் பெயரும் வேண்டாம். பிரித்தானியாவில் முற்கட்டணச் சிம்முக்குப் பெயர்ப்பதிவு இண்டைக்கும் கட்டாயம் இல்லை.

வாங்கியவர்கள் தமிழர் மட்டுமல்ல. நைஜீரியரும் போலந்துக்காரரும் வங்காளிகளும் வாங்கினார்கள். ஊருக்கு ஒரு கோல் எடுக்க ஒரு அகதி எவ்வளவு செலவழிப்பான் என்பதை எங்கட ஆக்கள் எந்தச் சந்தை ஆய்விலும் படித்துத் தெரிந்துகொள்ளவேண்டி இருக்கவில்லை.

இனி ஊரில் நடந்ததற்கு வருவோம்.

2006 ஓகஸ்ட் 11. முகமாலையில் சண்டை தொடங்க, ஏ9 மூடப்பட்டது. குடாநாடு திரும்பவும் தீவாகியது. அரிசி, சீனி, மாவுக்கு வரிசை. வெளியே போவதெண்டால் கிளியறன்ஸ் எடுத்துக் கப்பலுக்கோ பிளேனுக்கோ காத்திருக்கவேணும். கைத்தொலைபேசிச் சேவையையும் நிறுத்தினார்கள். பிறகு வந்தது, பிறகும் நின்றது. தெற்காசியாவின் முதல் 3ஜி சேவையை டயலொக் தொடங்கியது இதே 2006இல்தான். ஒரே நாட்டில் ஒரு பக்கம் போனில் முகம் பார்த்துக் கதைக்கலாம் எண்டு விளம்பரம். மற்றப் பக்கம் நாலு வருசம் பாவித்த போனைக் காதில் வைத்தால் ஒரு சத்தமும் இல்லை.

சேவை இருந்த நாட்களிலும் போன் பாவிப்பது வேறு மாதிரி ஆகியிருந்தது. சென்ரியில் போனை வாங்கிப் பார்ப்பார்கள். யாருக்கு அடித்தாய், இது யாருடைய இலக்கம், ஏன் பெயர் போடாமல் வைத்திருக்கிறாய். வெள்ளை வான் ஓடிய காலம் அது. 2006க்கும் 2008க்கும் இடையில் யாழ்ப்பாணத்தில் காணாமல் போனவர்களின் கதைகளை மனித உரிமை அமைப்புகள் எழுதிவைத்திருக்கின்றன. அந்தச் சூழலில் ஒரு சிம் என்பது கதைக்கிற சாமான் மட்டும் இல்லை. உங்கட பெயரில் இருக்கும் சிம்மை இன்னொருத்தர் பாவித்து, அவர் யாரோடு கதைத்தாரோ, அதற்கும் நீங்கள்தான் பதில் சொல்லவேணும். 2008இல் இன்னும் இறுக்கினார்கள். கையில் இருக்கும் போன் இணைப்பு உன்னுடையதுதான் என்பதற்கான கடிதத்தைக் கூடவே கொண்டு திரியவேணும் எண்டு அறிவிப்பு வந்தது. அது முழு நாட்டுக்கும் வந்த விதிதான். ஆனால் மாத்தறையில் அந்தக் கடிதத்தை வீட்டில் மறந்துவிட்டுப் போன ஒருத்தருக்கும் கொடிகாமத்தில் மறந்துவிட்டுப் போன ஒருத்தருக்கும் நடந்திருக்கக்கூடியது ஒன்றல்ல.

மச்சாளுக்குச் சிம் எடுக்க விடாத அந்த அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார். இருக்கிறார், இப்போது சுவிசில். சமாதான காலத்தில் அவர் தன் ஐசியில் மூன்று சிம் எடுத்தார். ஒன்று தனக்கு, ஒன்று அக்காவுக்கு, ஒன்று கூடப் படித்த சிநேகிதனுக்கு. சிநேகிதனுக்கு ஐசி துலைந்திருந்தது, அவ்வளவுதான் காரணம். 2007இல் ஒரு நாள் விடியப்புறம் வந்து மாமாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் விட்டார்கள். என்ன கேட்டார்கள் எண்டு அவர் இண்டைவரை முழுதாகச் சொன்னதில்லை. "அந்த நம்பர் ஆற்றை எண்டு கேட்டவங்கள்" எண்டு மட்டும் சொல்லியிருக்கிறார். சிநேகிதன் எங்கே எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அடுத்த வருசம் காணியை ஈடுவைத்து மாமாவை வெளியே அனுப்பினார்கள்.

இதை அம்மா எங்களுக்கு முதல்முறை சொன்னது இந்தக் கட்டுரைக்காகக் கேட்டபோதுதான். மகளுக்கே தெரியாது.

மாமாவோடு வட்ஸ்அப்பில் கதைத்தோம். தன் பெயரைப் போடவேண்டாம் எண்டார். சுவிசில் 2004 முதலே முற்கட்டணச் சிம்முக்குப் பெயர் பதிய வேணும். (ஜேர்மனியில் அடையாள அட்டை பார்ப்பது 2017இல்தான் கட்டாயமாகியது.) வந்து இரண்டாம் கிழமை, முகாமில் தந்த அட்டையோடு சிம் வாங்கப் போனாராம். கடைக்காரி விபரங்களை எழுதி எடுக்கும்போது கை நடுங்கியது எண்டார். வாங்கிய முதல் சிம்மில் அம்மாவுக்கு அடித்தபோது அவர் சொன்ன முதல் வசனம், "இது என்ர பேரிலதான் இருக்கு, பயப்பிடாத."

போருக்குப் பிறகான கதை சுருக்கமானது. 2009 சனவரியில் எயார்ரெல் வந்தது, விலைப் போட்டியில் சிம்மை ஏறக்குறைய இனாமாகவே குடுத்தார்கள். ஒரு வீட்டில் ஆளுக்கு இரண்டு சிம். வைபர் வந்தது, 2015இல் வட்ஸ்அப்பில் குரல் அழைப்பு வந்தது. ரெலிபோன் காட் செத்தது. லைக்காவும் லெபாராவும் நிமிடம் விற்பதை விட்டு டேற்றா விற்கத் தொடங்கின. வெளிநாட்டில் இருந்து சனம் கோடையில் வரத் தொடங்கியது. அதுவும் நேர்கோட்டில் நடக்கவில்லை. 2014 ஒக்ரோபர் 13இல் யாழ்தேவி திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தது. அதே மாதம், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் வடக்குக்கு வரப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி எடுக்கவேணும் எண்டார்கள். ஆட்சி மாறிய பிறகு 2015 சனவரியில்தான் அது நீங்கியது. ரெயில் வரலாம், ஆக்கள் கேட்டுவிட்டுத்தான் வரவேணும்!

இன்னொன்று. 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் மாதங்களில் அரசு சமூக வலைத்தளங்களைத் தடுத்தது. உள்ளூர்ச் சிம்மில் வட்ஸ்அப் வேலை செய்யாது. வெளிநாட்டுச் சிம்மில் ரோமிங் டேற்றா பாவிப்பவருக்கு அனேகமாக வேலை செய்யும், ஏனென்றால் ரோமிங் டேற்றா பொதுவாக அவரின் சொந்த நாட்டு வலையமைப்பைச் சுற்றித்தான் இணையத்துக்குப் போகிறது. ஒரே மேசையில் இருக்கும் இரண்டு மச்சாள்மாரில் ஒருத்தியின் போன் ஊமை, மற்றவளின் போன் கதைக்கும்.

நாங்களும் இப்போது பயணிகள்தான். பலாலியில் இருந்து சென்னைக்கு 2019இல் பிளேன் தொடங்கி, கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பரில் திரும்பவும் பறந்தது. 2025 மார்ச் கடைசியில் இருந்து திருச்சிக்கும் போகலாம். போன வருசம் எங்களில் மூன்று பேர் திருச்சிக்குப் போனோம். இறங்கியதும் முதல் வேலை சிம். கடைக்காரத் தம்பி நல்ல பெடியன். கடவுச்சீட்டு, விசா, படம் எல்லாம் வாங்கிக்கொண்டு கடைசியில் ஒன்று கேட்டார். "லோக்கல் நம்பர் ஒண்ணு சொல்லுங்க, தெரிஞ்சவங்க யாராச்சும். ஓடிபி வரும்." எங்களுக்கு அங்கே ஒருத்தரையும் தெரியாது. விடுதிக்குத் திரும்பி, கூட்டித் துடைக்க வரும் அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டோம். அவ ஈரக்கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு, "இதுக்கென்னப்பா" எண்டு இலக்கத்தைச் சொல்லி, வந்த ஓடிபியையும் வாசித்துக் காட்டினா. ஒரு கேள்வி கேட்கவில்லை. எங்கட பெயர்கூடக் கேட்கவில்லை.

நன்றி சொல்லிவிட்டு அறைக்கு வந்த பிறகு மூன்று பேரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. எங்கட அம்மா எண்டால் குடுத்திருப்பாவா? யாழ்ப்பாணத்துக்கு யாரோ மூன்று பேர் வந்து நிண்டு கேட்டால் நாங்கள் குடுப்போமா? திரும்பி வரும் நாள், அந்தச் சிம்மை என்ன செய்வது எண்டு ஒரு சின்னச் சண்டையே நடந்தது. அவவின் இலக்கம் அந்தப் பதிவில் இருக்கிறது, அதனால் எறியக்கூடாது எண்டு ஒருத்தி பிடிவாதமாக நின்றாள். கடைக்குப் போய் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி, துண்டித்ததை அந்த அக்காவுக்கும் சொல்லிவிட்டுத்தான் பிளேன் ஏறினோம். அவ சிரித்தா. இதையெல்லாம் யாராவது வந்து சொல்லுவார்களா எண்டு கேட்டா.

ரொறன்ரோ மச்சாளுக்குக் கடைசியில் ரவுணில் ஒரு கிளையில், அவளின் கனடாக் கடவுச்சீட்டில், 30 நாள் சுற்றுலாச் சிம் எடுத்தோம். பத்து நிமிடம் ஆகியிருக்காது. தேர், தீர்த்தம், கீரிமலை, நெடுந்தீவு எல்லாவற்றையும் அதில் நேரலையாகப் போட்டாள். போகும்போது சிம்மைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இதில இன்னும் நிறைய டேற்றா கிடக்கு, நீ பாவி" எண்டு சொல்லிவிட்டு வான் ஏறினாள்.

பின்னேரம் அம்மா வெற்றிலைத் தட்டோடு வந்து இருந்தா. மேசையில் கிடந்ததைக் கண்டா.

"இது அவளின்ர பேரிலதானே?"

"ஓமம்மா. இன்னும் பதினொரு நாள் இருக்கு. டேற்றாவும் கிடக்கு."

"சரி," எண்டா அம்மா. பாக்குவெட்டியை எடுத்து அதை இரண்டாக வெட்டினா. பிறகு பொன் நிறமாக மின்னிய துண்டை எடுத்து இன்னொருக்கா வெட்டினா.